உழைத்தும் ஒன்றரை மதிப்பெண்ணில் போனால்

தமிழக அரசின் எழுத்தர், தட்டச்சர் மாதிரியான வேலைகளுக்கு நடத்தும் குரூப் 4 தேர்வுக்கு நான்கு வருஷமாகப் படிக்கிறீர்கள். 2024 தேர்வில் ஒரே ஒரு கேள்வியில், அதாவது ஒன்றரை மதிப்பெண்ணில், வேலை கைநழுவியது. 2025-இலும் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. அப்பா, "உண்மையா உழைச்சவன் தோத்ததா சரித்திரமே இல்லை" என்கிறார். அப்படியென்றால் நான் உண்மையாக உழைக்கவில்லையா, இல்லை அந்தப் பேச்சே பொய்யா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. உங்களுக்குத் தெரியவேண்டியது வேறு என்று நினைக்கிறேன். இந்த முடிவை வைத்து உங்கள் உழைப்பை எடைபோடலாமா என்பது ஒன்று. இன்னொரு வருஷம் கொடுக்கலாமா, வேண்டாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு முழுப் பதில் என்னிடம் கிடையாது. எப்படிக் கணக்குப் போடுவது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

என்னைப் பற்றி நாலு வரி. தென்மாவட்ட ஊர் ஒன்றில் 2008-லிருந்து போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். குரூப் 4 வினாத்தாளில் திறனறிவு என்று வருகிற அந்த 25 கேள்விதான் என் பிழைப்பு. நானும் எழுதித் தோற்றவன்தான். 2001-இல் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். மாவட்ட மைய நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்த மேசையில் ஐந்து பேர் உட்கார்ந்து படித்தோம். காலை திறக்கும்போது போனால் ராத்திரி வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டும்வரை அங்கேதான். அந்த வருஷக் கடைசியில் தமிழக அரசு புதுப் பணி நியமனங்களுக்குத் தடை போட்டது. சில துறைகளுக்கு விலக்கு இருந்தது, நாங்கள் எதிர்பார்த்த எழுத்தர் வேலைகளுக்கு இல்லை. தடை விலகியது 2006-இல். அதற்குள் ஒருவன் திருப்பூரில் பனியன் செக்கிங்குக்குப் போயிருந்தான், ஒருவன் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதினான், இருவர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. அந்த மேசையில் மிச்சம் நான் மட்டும்தான். படித்ததில் பாதி எனக்கும் மறந்து போயிருந்தது. அந்த வருஷம் கல்லூரியை முடித்துவிட்டுப் புதிதாக வந்து உட்கார்ந்த பையன்கள் சிலர் சீக்கிரமே வேலைக்குப் போனார்கள். அவர்கள் எங்களைவிட அதிகமாக உழைத்தார்கள் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்களுக்கு ஐந்து வருஷம் தள்ளிப் பிறந்தார்கள், அவ்வளவுதான்.

இனி உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். குரூப் 4 என்பது இடம் எண்ணி வைத்து நடத்தும் தேர்வு. 2018 பிப்ரவரியில் நடந்த தேர்வுக்கு அறிவித்தது 9351 இடம். 2019 செப்டம்பரில் 6491. அப்புறம் கொரோனா, கிட்டத்தட்ட மூன்று வருஷம் குரூப் 4 தேர்வே நடக்கவில்லை. 2022 ஜூலையில் 7301. நீங்கள் ஒன்றரை மதிப்பெண்ணில் விட்ட 2024 ஜூன் தேர்வுக்கு 6244. 2025 ஜூலையில் 3935. இவை அறிவிப்பு வந்த நாளின் எண்கள். பிற்பாடு கூடுவது வழக்கம். 2024-இல் ஒன்பதரை ஆயிரம் அளவுக்குப் போனது. அந்தத் தேர்வை எழுதியவர்கள் கிட்டத்தட்ட 16 லட்சம் பேர். அறிவித்த எண்ணை வைத்தால் சுமார் 255 பேருக்கு ஓர் இடம், கூடிய எண்ணை வைத்தாலும் சுமார் 170 பேருக்கு ஓர் இடம்.

வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்பேன். இந்த 16 லட்சம் பேரும் நாளையிலிருந்து இப்போது படிப்பதைப் போல இரண்டு மடங்கு படித்தால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்? கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். அதே எண்ணிக்கைதான். கட்-ஆஃப், அதாவது வேலை கிடைக்கிற கடைசி ஆளின் மதிப்பெண், மட்டும் ஏறும். முகூர்த்த நாளில் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவதைப் போலத்தான் இதுவும். ஓடாதவனுக்கு இடம் இல்லை என்பது உறுதி. ஓடியவனுக்கெல்லாம் இடம் உண்டு என்பது அதிலிருந்து வராது. உங்கள் அப்பா சொல்வது முதல் வாக்கியமாக இருந்தால் நான் கையெழுத்துப் போடுவேன். அவர் இரண்டாவதையும் சேர்த்துச் சொல்கிறார். நம் ஊரில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டியே பிள்ளைகளிடம் கொடுத்து வளர்க்கிறோம்.

எல்லாத் தேர்வும் இப்படி இல்லை. தட்டச்சை எடுத்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் ஆங்கிலம் லோயருக்கு (இளநிலை) நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு (முதுநிலை) 45 சொல். அந்த வேகத்தில் பிழை கூடாமல் அடித்தால் பாஸ். பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கிறவர் எவ்வளவு வேகமாக அடிக்கிறார் என்பது உங்களைத் தொடாது. அங்கே ஆயிரம் பேரும் உழைத்தால் ஆயிரம் பேரும் பாஸாகலாம். குரூப் 4-க்குள்ளேயே இரண்டும் இருக்கின்றன. தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மறு பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அது கோடு. யார் வேண்டுமானாலும் தாண்டலாம். மொத்த மதிப்பெண்ணை வைத்து வரிசைப்படுத்துகிறார்களே, அதுதான் அடுத்தவர் கையில் இருப்பது. கோட்டைத் தாண்டும் வேலைகளில் உழைப்பைப் பெரிதும் நம்பலாம். வரிசையில் நிற்கும் வேலைகளில் அதே உழைப்பு அரைகுறையாகத்தான் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த ஒரு கேள்விக்கு வருகிறேன். 200 கேள்வி, 300 மதிப்பெண். தவறான விடைக்குக் கழித்தல் கிடையாது. விடை தெரியவில்லை என்று குறிக்கத் தனி வட்டம் உண்டு என்றாலும் புத்தியுள்ளவர்கள் அதைத் தொடுவதில்லை. எதையாவது குறித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நன்றாகப் படித்தவர்களுக்கும் பதினைந்து இருபது கேள்வி இப்படித்தான் போகும். அங்கே என்ன நடக்கிறது என்று காட்ட சில வருஷம் முன்னால் வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்தேன். நாற்பது பேர் இருந்தார்கள். வினாத்தாள் எதுவும் இல்லை. நான் ஒரு சீட்டில் 20 விடைகளை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ‘ஏ, பி, சி, டி’ எது என்று அவர்கள் தோன்றியபடி எழுத வேண்டும், அவ்வளவுதான். பிறகு சீட்டை எடுத்து வாசித்தேன். ஒரு பெண்ணுக்கு 1 சரி. ஒரு பையனுக்கு 9. எப்படிடா என்று கேட்டேன். எழுந்து நின்று ரொம்பப் பொறுப்பாகச் சொன்னான்: "தொடர்ந்து மூணு ‘சி’ வராதுன்னு ஒரு கணக்கு வெச்சிருந்தேன் சார்." நான் கேள்வியே கேட்கவில்லை! பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

இதில் மாயம் எதுவும் இல்லை, நிகழ்தகவு பாடத்தில் வருகிற கணக்குதான். நாலில் ஒன்று என்ற கணக்கில் 20 கேள்வியைக் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரியாக 5 சரியாக வரும். நூறு பேர் அப்படிக் குறித்தால் ஏறக்குறைய எண்பது பேருக்கு 3-லிருந்து 7-க்குள் வரும். ஒன்பது பத்துப் பேருக்கு 2 அல்லது அதற்கும் கீழே. இன்னொரு பத்துப் பேருக்கு 8 அல்லது அதற்கு மேலே. ஒரே அளவு படித்த இரண்டு பேரில் ஒருவருக்கு 2, மற்றவருக்கு 8 என்று விழுந்தால் ஆறு கேள்வி வித்தியாசம், ஒன்பது மதிப்பெண். நீங்கள் விட்டது ஒன்றரை.

"நான் குருட்டாம்போக்கில் போடவில்லை சார், இரண்டு ஆப்ஷனை அடித்துவிட்டு மிச்ச இரண்டில்தான் யோசித்தேன்" என்று நீங்கள் சொல்லலாம். நல்லது, உழைப்பு செய்கிற வேலை அதுதான். நாலில் ஒன்றாக இருந்ததை இரண்டில் ஒன்றாக்குகிறது. சராசரி 5-லிருந்து 10-க்கு ஏறுகிறது, கையில் ஏழரை மதிப்பெண் கூடுகிறது. இது சின்ன விஷயமில்லை. ஆனால் ஏற்ற இறக்கம் போய்விடுவதில்லை. சொல்லப்போனால் இரண்டில் ஒன்று என்று வரும்போது ஊசலாட்டம் கொஞ்சம் கூடவே செய்கிறது. உழைப்பு உங்களைக் கட்-ஆஃப் இருக்கிற தெருவுக்குக் கொண்டுவந்து விடுகிறது. அந்தத் தெருவில் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பதில் பாதி தாயக்கட்டை. உத்தேச விடைக்குறிப்பு வந்த சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலும் போனுமாகக் கூட்டிக் கூட்டிப் பார்க்கிற பிள்ளைகளை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். ஆட்சேபம் தெரிவிக்க ஒரு வாரம் இருக்கும். இறுதி விடைக்குறிப்பில் ஒரு கேள்வியின் விடை மாறினால் போதும், எழுதி முடித்து மாதக்கணக்கான பிறகு, இவர்கள் விரலைக்கூட அசைக்காமல் சிலர் கோட்டுக்கு மேலே போவார்கள், சிலர் கீழே வருவார்கள்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஒன்றரை மதிப்பெண்ணை வைத்து நீங்கள் உழைத்தீர்களா என்று சொல்ல முடியாது. உங்களுக்கு ஒன்றரை மதிப்பெண் மேலே இருந்து இன்று ஏதோ ஒரு தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவர் உங்களைவிட உழைத்தவர் என்றும் சொல்ல முடியாது. இதை நான் சந்தேகமில்லாமல் சொல்கிறேன். முப்பது மதிப்பெண் வித்தியாசம் என்றால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்னொரு நம்பிக்கை பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. ரிசல்ட் வந்த வாரம் எங்கள் பயிற்சி மைய வாசலில் ஃப்ளெக்ஸ் வைப்போம். ஜெயித்தவர்களின் போட்டோ, கீழே ‘விடாமுயற்சி வெற்றி தரும்’. பாராட்டு விழாவில் அவர்கள் மைக்கைப் பிடித்து நாலு மணிக்கு எழுந்தது, போனை அணைத்து வைத்தது, கல்யாணம் காட்சிக்குப் போகாமல் இருந்தது எல்லாவற்றையும் சொல்வார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அதே நாலு மணிக்கு எழுந்து, அதே போனை அணைத்து வைத்து, ஒன்றரை மதிப்பெண்ணில் போனவர்களை நாங்கள் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அடுத்த பேட்ச்சுக்கு அட்மிஷன் வராது. அந்த 9 எடுத்த பையன் ‘தொடர்ந்து மூணு சி வராது’ என்று சொன்னதைப் போல, ஜெயித்த பிறகு எல்லாருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. என் அனுபவத்துக்கும் இதே ஓட்டை உண்டு. ஜெயித்தவர் லட்டு டப்பாவோடு வருகிறார், என் நினைவில் நிற்கிறார். போனவர்கள் சொல்லாமல் போய்விடுகிறார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் பார்த்தவன் என்று நான் பேசும்போது அதில் பாதிப் பேரைத்தான் உண்மையில் பார்த்திருக்கிறேன் என்பதை வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இதற்கெல்லாம் அப்புறம், அப்படியானால் படித்து என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். ஒழுங்காகப் படிக்காமல் கட்-ஆஃப் தாண்டிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அதிர்ஷ்டம் ஒன்பது பத்து மதிப்பெண்ணைத் தூக்கிக் கொடுக்கும், நூறு மதிப்பெண்ணைக் கொடுக்காது. 2019 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் மறையும் மையை வைத்துக் குறுக்கு வழியில் போனவர்கள் கதை தெரிந்திருக்கும். பிடிபட்டு 99 பேருக்கு வாழ்நாள் தடை. அந்த வழியைக் கழித்துவிட்டால் படிப்புதான் வழி. நான் சந்தேகப்படுவது ‘எப்போதும்’ என்ற ஒரு சொல்லை மட்டும்.

உழைப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. என்னிடம் ஒரு பையன் இருந்தான். சமச்சீர் புத்தகம் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நாலு கலர் பேனாவில் நோட்ஸ் எடுத்தான். சிவப்பில் தலைப்பு, பச்சையில் ஆண்டு, நீலத்தில் விஷயம், கறுப்பில் என்னவோ. பதினேழு நோட்டு. எந்த நோட்டையும் இரண்டாம் தடவை திறந்ததில்லை, ஏனென்றால் எழுதி முடிக்கவே நேரம் போதவில்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தான் என்பதில் பொய்யில்லை. மூன்று மணி நேரம் பழைய வினாத்தாளைப் போட்டு, தப்பானதை மட்டும் மறுபடி பார்த்த ஒரு பெண் அவனைவிட இருபது கேள்வி அதிகம் எடுத்தாள். அவனிடம் நான் இதை இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லவில்லை. அது என் தப்பா, அவன் தப்பா என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. உங்கள் நான்கு வருஷம் எப்படிப்பட்ட நான்கு வருஷம் என்று எனக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

உழைக்க முடிவதே எல்லாருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜவுளிக் கடையில் காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதுக்கு உட்காருகிற ஒரு பெண் ஞாயிறு வகுப்புக்கு மட்டும் வருவார். பஸ்ஸில் படிக்கத் திருக்குறளை ஒரு சின்ன டைரியில் எழுதி வைத்திருந்தார். சேலை மடிப்புக்கு வைக்கிற அட்டையின் பின்பக்கத்தில் ஆண்டு, போர், ஒப்பந்தம். 2020 தொடக்கத்தில் மாதிரித் தேர்வில் 200-க்கு 170-ஐத் தாண்டிக்கொண்டிருந்தார். அந்த வருஷமும் தேர்வு இல்லை, அடுத்த வருஷமும் இல்லை. 2022 ஜூலையில் தேர்வு வந்தபோது அவர் கையில் ஐந்து மாதக் குழந்தை. ஹால் டிக்கெட்டை எடுத்துவிட்டு எழுதப் போகவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. இவருடைய உழைப்பில் எங்கே குறை? வீட்டில் தனி அறையும், மாதம் பிறந்தால் அப்பா அனுப்பும் பணமும் இருந்த பையன்கள் இரண்டு வருஷத்தை வாங்கிக்கொண்டார்கள். இவருக்கு அந்த இரண்டு வருஷம் கடையில் கிடைக்கவில்லை.

உங்கள் அப்பா இந்த நம்பிக்கைக்குத் திருக்குறளைச் சாட்சிக்கு அழைத்தாலும் அழைப்பார். பெரும்பாலான அப்பாக்கள் அழைக்கிறார்கள். ‘தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்.’ உங்களுக்கே பாடத்தில் இருப்பதுதான், ஆள்வினையுடைமை, 619. இதைத்தான் ‘முயன்றால் முடியாதது இல்லை’ என்று சுவரில் எழுதி வைக்கிறோம். நான் தமிழ் ஆசிரியர் இல்லை. ஆனாலும் சொல்லைச் சொல்லாகப் படித்தால் அங்கே வெற்றி என்ற சொல்லே இல்லை. கூலி என்றுதான் இருக்கிறது. நினைத்தது கைகூடாமல் போனாலும் உடம்பு வருந்திய அளவுக்குக் கூலி உண்டு, பாழாகாது. பரிமேலழகர் உரையும் இந்தப் போக்கில்தான் போகிறது. கைகூடாமல் போவதும் நடக்கும் என்று ஒத்துக்கொண்டுதான் அந்தக் குறளே தொடங்குகிறது. அடுத்த குறளில் ஊழையும் புறங்காட்ட வைக்கலாம் என்கிறார். ஊழ் அதிகாரத்தின் கடைசிக் குறளில் ஊழைவிட வலியது எது என்று கேட்கிறார். இவற்றை எப்படிச் சேர்த்து வைப்பது என்று தமிழ் அறிஞர்கள் பேசட்டும். சுவரில் எழுதுகிறவர்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

கூலி என்ற சொல்லால் எனக்கு உங்கள் அப்பாவையும் கொஞ்சம் புரிகிறது. அவர் என்ன தொழில் செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. என் அப்பா கொத்தனார். இரண்டு மணி நேரம் கூட நின்றால் அரை நாள் கூலி கூட வரும். இன்றைக்கு ஐம்பது செங்கல் அதிகமாக வைத்தால் சுவர் ஐம்பது செங்கல் உயரும். பக்கத்துச் சாரத்தில் நிற்பவர் வேகமாகக் கட்டினார் என்பதற்காக இவருடைய சுவரை யாரும் இடிக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வேலையில் நாற்பது வருஷம் இருந்தவருக்கு, படித்தும் கிடைக்கவில்லை என்றால் எங்கேயோ சோம்பல் இருக்கிறது என்றுதான் தோன்றும். என்னை 2006-இல் அப்படித்தான் பார்த்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் அது சரியான கணக்கு.

சரி, இன்னொரு வருஷம் கொடுக்கலாமா? உங்கள் வயது, வீட்டு நிலைமை, சம்பளம், கல்யாணப் பேச்சு எதுவும் தெரியாமல் நான் ஆம், இல்லை என்று சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு. கணக்கை மட்டும் சொல்கிறேன். கடைசியாக எழுதிய இரண்டு வினாத்தாளையும் எடுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் மூன்றாகப் பிரியுங்கள்: தெரிந்து போட்டது, இரண்டில் ஒன்றாக யோசித்துப் போட்டது, சுத்தமாகத் தெரியாமல் போட்டது. சரியா தப்பா என்று பார்க்கவே வேண்டாம், எந்த வகை என்று மட்டும் எண்ணுங்கள். நினைவில்லாதவற்றை மூன்றாவதில் போடுங்கள். மனசு அவற்றை முதலாவதில் போடச் சொல்லும், கேட்காதீர்கள். 2024-க்கும் 2025-க்கும் இடையில் முதல் வகை பத்து கேள்விக்குமேல் கூடியிருந்தால் உங்கள் படிப்பு வேலை செய்கிறது, மதிப்பெண்ணில் அது தெரியாமல் போனது ஊசலாட்டமாக இருக்கலாம். முதல் வகை அப்படியே நின்றிருந்தால், இன்னும் அதிக மணி நேரம் உட்கார்வதால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. படிக்கிற விதத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இதுதான் உங்கள் அளவு என்று வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். பத்து என்ற எண் என் கைப்பழக்கம்தான், விதி ஒன்றும் இல்லை. வினாத்தாள் ஒரு வருஷம் கடினமாகவும் ஒரு வருஷம் எளிதாகவும் வருவதால் இந்தக் கணக்கும் துல்லியமில்லை. தோழி எடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். இட ஒதுக்கீடு, பெண்களுக்கான 30 சதவீதம், தமிழ்வழி படித்தவர்களுக்கான 20 சதவீதம் எல்லாம் சேர்ந்து ஒவ்வொருவருக்கும் கட்-ஆஃப் வேறு.

அப்புறம், தேதி குறித்துவிட்டுப் படியுங்கள். இன்னும் ஒரு தேர்வு என்றால் ஒரே தேர்வு. ரிசல்ட் மோசமாக வந்தால் விடலாம் என்று நினைத்தால் விட முடியாது. ஒன்றரையில் போனாலும் ‘இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோமே’ என்று தோன்றும், முப்பதில் போனாலும் ‘இந்தத் தடவை சரியாகப் படிக்கவில்லை’ என்று தோன்றும். இரண்டுமே அடுத்த வருஷத்துக்கு இழுக்கும். என்னை 2009 வரை இழுத்தது. கூடவே, வரிசையில் நிற்காத வேலை ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டச்சு ஹையர் முடித்திருக்கிறீர்களா? இல்லையென்றால் தேர்வு வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறது. ஒரு மணி நேரம் தட்டச்சு நிலையத்துக்குப் போய்வந்தால் படிப்பு கெடாது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முடித்தால் குரூப் 4-இல் தட்டச்சர் பணிக்கும் வழி திறக்கும். அங்கேயும் வரிசை உண்டு, ஆனால் எல்லாரும் நிற்கிற வரிசை இல்லை. தேர்வே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அந்தச் சான்றிதழ் உங்கள் கையில்தான் இருக்கும்.

அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், விளக்கினால் சாக்குச் சொல்வதாகத்தான் கேட்கும். அந்த 20 கேள்வி விளையாட்டை அவரை வைத்து ஒரு தடவை செய்யுங்கள். ஒரு சீட்டில் விடைகளை எழுதி மடித்து வையுங்கள், நீங்களே மறந்துபோகிற அளவுக்கு இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிறகு இருவரும் உட்கார்ந்து குறியுங்கள். எங்கள் வீட்டில் செய்தபோது எனக்கு 3 வந்தது. கொத்தனாருக்கு 7. அன்று ராத்திரி சாப்பிடும்போது, கணக்கு வாத்தியாராக இருந்தும் நான் இன்னும் கொஞ்சம் கவனமாகக் குறித்திருக்கலாம் என்று சொன்னார்.